மூன்றாம் பாகத்துக்குச் சில திருத்தங்கள்

ஸ்டீல் ஹெரான் மூன்றாம் பாகத்தில் என்ன நடக்கப்போகிறது என்று உலகமே செல்போனைத் தேய்த்துத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்த ரகசியம் திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே பிரிண்டிங் டேபிளில் விரித்துக் கிடந்தது. படம் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. படம் தியேட்டருக்கு வரும் அன்றைக்கே பனியன் கடையில் தொங்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை. ஊர் உலகம் ட்ரெய்லருக்குத் தவம் கிடக்கும். இங்கே மடித்துக் கட்ட வரும் பழனியம்மாளுக்குக்கூட வில்லன் யார் என்பது தீபாவளிக்கு முன்பே தெரியும். வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சொன்னாலும் வேலம்பாளையத்தில் கேட்க ஆள் கிடையாது என்பது வேறு விஷயம்.

மகுடேஸ்வரன் அந்தப் படத்தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விரல் வைத்து எண்ணினார்.

“இந்து, போச்சு” என்றார்.

செக்கிங் டேபிளில் இருந்த மனைவி இந்துமதி தலையைத் தூக்காமலே, “எதுங்க போச்சு, கரண்ட்டா?” என்றாள்.

“ஆறு கொக்குப் போட்டிருக்கறானுங்க.”

ஸ்டீல் ஹெரான் என்கிற அந்த வீரனுக்கு எஃகில் நீண்ட மூக்கு வைத்த முகமூடி. முதல் பாகத்துக்குப் பனியன் அடித்த காலத்திலேயே யூனிட் முழுக்க அவனுக்குக் கொக்கு என்று பெயர் விழுந்துவிட்டது. முதல் பாகத்தில் ஒரு கொக்கு. இரண்டாம் பாகத்தில் கொக்கும் ஒரு கூட்டாளியும். இப்போது ஒரே நெஞ்சில் ஆறு. கறுப்புக் கொக்கு, வெள்ளைக் கொக்கு, பெண் கொக்கு, கிழட்டுக் கொக்கு, மிஷின் கொக்கு, கீழே ஓரத்தில் பால்புட்டியோடு ஒரு குஞ்சு.

“ஆளுக்கொரு உலகத்துல இருந்து வராப்பல இருக்குது. பாரு, போன பாகத்துல செத்த வில்லனும் பின்னாடி சிரிச்சுட்டு நிக்கறான்.”

“ஆறு நின்னா என்ன, அறுபது நின்னா என்னங்க நமக்கு? பதினோரு கலர் வரும். அதுக்கு ஆகிற வழியப் பாருங்க.”

கலரைப் பற்றி மகுடேஸ்வரனுக்குக் கவலை இல்லை. அதைப் பிரிண்டிங் மாஸ்டர் பெரியகருப்பன் பார்த்துக்கொள்வார். படம் ஓடாது என்பதுதான் கவலை. பனியன்காரருக்கு எதற்கு அந்தக் கவலை என்று கேட்டால், ஆர்டர் இரண்டு லாட்டாக வந்திருந்தது. அறுபதாயிரம் பனியன் முதல் லாட். படம் வருமுன்பே கப்பலேற வேண்டும். நாற்பதாயிரம் இரண்டாவது லாட். படம் வந்து, ஓடி, லண்டனில் சரக்கு வாங்குகிற பையர் ‘அடிக்கலாம்’ என்று சொன்ன பிறகு அடிக்க வேண்டும். படம் படுத்தால் அந்த லாட்டும் படுத்துவிடும்.

யூனிட் இருக்கிற ஷெட்டுக்குச் சொந்தக்காரர் மாரப்பன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். மகுடேஸ்வரனுக்கு அவர் மாமன் முறை. பஞ்சு வேஸ்ட் வியாபாரம். குடோனுக்கு இடம் பற்றாமல் தவித்துக்கொண்டிருந்தார். ஐப்பசியிலேயே வந்து உட்கார்ந்து காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார். “மாப்ள, ரெண்டாவது லாட்டு வந்துதுன்னா இன்னும் மூணு வருசத்துக்கு எழுதிக் குடுத்துப்போடறேன். வரலீன்னா வைகாசில சாவியக் குடுத்துருங்க. நம்முளுக்குள்ள சடவு வேண்டாம்.”

ஆக, வேலம்பாளையத்தில் முப்பத்திரண்டு பேர் வேலை பார்க்கிற ஒரு யூனிட் நிற்பதும் விழுவதும், கடல் தாண்டி எவனோ எழுதுகிற கதையில் போய் மாட்டிக்கொண்டது. அது போதாதென்று மகுடேஸ்வரன் கொக்கின் ரசிகரும்கூட. கலர் சரிபார்க்கிறேன் என்ற பெயரில் முதல் பாகத்தை ஒன்பது தடவை பார்த்தவர். அந்தப் படத்தில் மொத்தமே ஒரு பாலம்தான். பாலத்தில் ஒரு பஸ் தொங்கும். கொக்கு நாற்பது பேரை இறக்கிவிடுவான், ஒரு பெண்ணைத் தவறவிட்டுவிடுவான். கடைசியில் அவள் வீட்டு வாசலில் போய்க் கதவைத் தட்டிவிட்டு நிற்பான். கதவு திறக்குமுன் படம் முடிந்துவிடும். ஒன்பதாவது தடவையும் மகுடேஸ்வரன் அந்தக் கதவு திறக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“உலகத்தை அழிக்கறேன்னு வர்றானே, அழிச்சுப்போட்டு எங்க குடியிருப்பான்னு எவனாச்சும் அவனக் கேட்டானா?” என்றார் ஒரு நாள், பெரியகருப்பன் சிவப்புக் கலக்கிக்கொண்டிருந்த வாளிக்குப் பக்கத்தில் நின்று. “வில்லன்னா அவன்கிட்ட ஒரு சரக்கு இருக்கோணும். இதுக்குக் கீழ எறங்க மாட்டேன்னு ஒரு வெல இருக்கோணும். அப்பத்தான மாஸ்டர் பேரம் நடக்கும்? பேரம் நடந்தாத்தான சீன்?”

பெரியகருப்பன் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். இருபது வருஷமாகத் திருப்பூரில் இருந்தும் பேச்சு ஊரை விட்டு வரவில்லை. “செத்தவன் திரும்பி வாரானே மொதலாளி, அதுதான் எனக்குச் செமிக்கல” என்றார். “வில்லனா இருந்தாலும் போன பாகத்துல அம்புட்டுப் பேரும் உக்காந்து அழுதோம்ல. அழுதவுகளுக்கு என்ன மரியாத இருக்கு?”

“அதச் சொல்லுங்க!”

“அப்புறம் அந்த உடுப்பு. தீயில விழுகான், சாக்கடையில விழுகான், புதுசா இஸ்திரி போட்ட மாதிரியே எந்திரிக்கான். நம்ம அடிக்கிற பிரிண்டே அஞ்சு தொவையலுக்கு மேல தாங்காது.”

“ஏனுங்க மாஸ்டர், இவர்தான் இப்படின்னா நீங்களுமா?” என்று இந்துமதி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “கொக்கு உடுப்பத் தொவைக்கட்டும், தொவைக்காத போவட்டும். அந்தச் சிவப்பு முந்தாநாளு காட்டுனதவிடக் கருத்துக் கெடக்குது. அதப் பாருங்க.”

சிவப்பு நிஜமாகவே ஒரு சுற்று கருத்திருந்தது. அதைப் பையரிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குத்தான் கமெண்ட் சீட் என்று ஒன்று உண்டு. மாதிரிப் பனியன் அனுப்பும்போது கூடவே, இந்தக் கலர் இவ்வளவு மாறும், இந்த இடத்தில் அரை இஞ்சு இறங்கும், இப்படிச் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எழுதி அனுப்புகிற தாள். மகுடேஸ்வரன் அந்தத் தாளை மேலிருந்து கீழே ஒரு தடவை முழுக்கப் படித்தார். பிறகு பையிங் ஆபீஸுக்குப் போன் போட்டார். லண்டனுக்கும் திருப்பூருக்கும் நடுவே நிற்கிற ஆபீஸ் அது. அங்கே கீர்த்தனா என்ற பெண்தான் இவருடைய ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.

“கண்ணு, கமெண்ட் சீட்டுல சிவப்புக்குக் கீழ கதயப் பத்தியும் ரெண்டு வார்த்த எழுதோணும்.”

“எந்தக் கதைங்க சார்?”

சொன்னார்.

“சார், அது வந்துங்க, பனியனுக்கு உண்டான சீட்டுங்க.”

“இப்படிச் செஞ்சா நல்லாருக்கும்னு ஒரு கட்டம் இருக்குதல்ல? பனியன் மட்டும்னு அதுல எங்கியாச்சும் போட்டிருக்குதா?”

அப்படிப் போட்டிருக்கவில்லை. “எத்தன பாயிண்ட்டுங்க சார்?” என்றாள் மெதுவாக.

“பதினாலு.”

“பதினாலுக்கு எடமே இல்லீங்க சார். ரெண்டு எழுதறேனுங்க.”

“பன்னெண்டு.”

“மூணுங்க சார். அதுக்கு மேல போட்டா மேடம் என்னய வைவாங்க.”

“உன்ற வார்த்தையும் வேண்டாம், என்ற வார்த்தையும் வேண்டாம். ஆறு கொக்குக்கு ஆறு.”

ஐந்தில் முடிந்தது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் அடித்தாள். ஒரு கொக்கு போதும். செத்தவன் செத்தவனாகவே இருக்க வேண்டும். உலகம் வேண்டாம், ஒரு தெரு ஆபத்தில் இருந்தால் போதும். வில்லன் ஒரு விலை சொல்ல வேண்டும், அந்த விலை நியாயமாகவும் இருக்க வேண்டும். உடுப்பில் அழுக்குப் பட வேண்டும், பட்டால் போகக் கூடாது. விட்டுப்போன ஒன்பதில் ஒன்று, முதல் பாகத்தில் அந்தக் கதவைத் திறந்தது யார் என்பது. அதை விட்டுக்கொடுத்ததுதான் மகுடேஸ்வரனுக்கு ஆறவே இல்லை.

திருப்பூரில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் நிதானமாகப் பதில் போடட்டும் என்று காத்திருந்தால் கப்பல் போய்விடும். அதனால் சீட்டின் கடைசியில் ஒரு வரி அச்சடித்தே இருக்கும். மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோம். ஊரில் பாதி மிஷின் அந்த வரியில்தான் ஓடுகிறது. பேசாமல் இருந்த பையரின் பேச்சை நம்பி எத்தனையோ லட்சம் பனியன் வெட்டப்பட்டு, அடிக்கப்பட்டு, தைக்கப்பட்டுக் கப்பலேறியிருக்கிறது. ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

மூன்று நாள் போனது. பதில் இல்லை. நான்காம் நாள் மகுடேஸ்வரன் சலூனுக்குப் போய் முடி வெட்டி, மீசைக்கு மை போட்டுக்கொண்டு வந்தார்.

“ஒத்துக்கிட்டானுங்க” என்றார்.

“சிவப்புக்கா?” என்றாள் இந்துமதி.

“எல்லாத்துக்கும்.”

அவள் கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தாள். “ஏனுங்க, உங்குளுக்குப் பித்தம் ஏதும் ஏறிப்போச்சா? அந்த வரி பனியனுக்குங்க.”

“ஒரே சீட்டு இந்து. ஆறாவது வரி சிவப்பு. ஏழாவது வரி கொக்கு. சிவப்பு வேண்டாம்னு சொல்லல, நம்ம அடிச்சுட்டு இருக்கறோம். கொக்கும் வேண்டாம்னு சொல்லல. ஒரு வரிக்குச் சம்மதம், அடுத்த வரிக்குச் சம்மதமில்லீன்னு எந்த ஊரு வழக்கம்?”

“படத்த எடுத்தே முடிச்சிருப்பாங்களேங்க.”

அதற்கும் பின்னால் ஒரு பதில் கிடைத்தது. எடுத்து முடித்த படத்தில் பாதியை மறுபடி எடுக்கிறார்கள் என்று மாசியில் ஒரு செய்தி வந்தது. மகுடேஸ்வரன் அந்தச் செல்போனை யூனிட் முழுக்க எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினார். யார் சொல்லி மறுபடி எடுக்கிறார்கள் என்று அதில் போட்டிருக்கவில்லை. “அதயெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்க. கையெழுத்து வாங்கியிருப்பாங்க” என்றார்.

பங்குனிக் கடைசியில் முதல் லாட் தூத்துக்குடிக்குப் போனது. அத்தோடு நின்றிருந்தால் மிச்சம் ஏதாவது இருந்திருக்கும். ஆனால் முதல் பாகம் ஓடிய காலத்தில் பையர் திடீரென்று கேட்டு, பதினெட்டு நாளில் கொடுக்க முடியாமல், பாதி ஆர்டரைப் பக்கத்து யூனிட்காரர் தட்டிக்கொண்டு போனது அவர் மனதில் முள்ளாக நின்றது. இந்தத் தடவை படம் ஓடப்போவது தெரிந்த கதை. ஓட வைத்ததே இவர்தான். அப்புறம் எதற்குக் காத்திருப்பது?

“அடிக்கலாம் மாஸ்டர்” என்றார். “ரெண்டாவது லாட்டையும்.”

பெரியகருப்பன் கையிலிருந்த துணியை இரண்டு தரம் மடித்தார். “அவுக சொல்லலையே மொதலாளி.”

“சொல்லலதான். எப்பச் சொல்லியிருக்கறாங்க?”

இந்துமதி அன்றைக்குச் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். மாரப்பனிடம் சாவியை அவளும் மனதுக்குள் ஒருமுறை கொடுத்துப் பார்த்திருந்தாள். அதைவிட இந்தப் பைத்தியக்காரத்தனம் தேவலை என்று அவளுக்கும் ஒரு நாள் தோன்றிவிட்டது. அவ்வளவுதான். மூன்றே வாரத்தில் நாற்பதாயிரம் பனியனும் அடித்து, தைத்து, மடித்து, பெட்டிக்குள் போயிற்று.

சித்திரைக் கடைசி வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு மூன்று பேரும் போனார்கள். தமிழ் பேசுகிற படம்தான். தியேட்டரில் மொத்தம் பதினேழு தலை. மகுடேஸ்வரன் எண்ணிவிட்டு, “வேலை நாளு” என்றார்.

முதல் பத்து நிமிஷம் ஒரே ஒரு கொக்குதான் வந்தான். மகுடேஸ்வரன் இந்துமதியின் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கால் ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு சண்டையில் கொக்கு சேற்றில் விழுந்தான். எழுந்தான். நெஞ்சு முழுக்கச் சேறு.

“மாஸ்டர்!” என்று அவர் பெரியகருப்பனின் தொடையைப் பிடித்துவிட்டார். “அஞ்சாவது பாயிண்ட்!”

திரையில் கொக்கு தன் மணிக்கட்டில் ஒரு பொத்தானைத் தட்டினான். உடுப்பு நீல வெளிச்சத்தில் ஒருமுறை உதறிக்கொண்டது. சேறு போய்விட்டது. பொத்தானைத் தட்டியதில் வானமும் கிழிந்து, அதன் வழியாக மற்ற ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். செத்த வில்லன் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தான். உலகத்தை அழிக்கப் போவதாகச் சொன்னான். எந்த உலகத்தை என்பதில் அவர்களுக்குள்ளேயே குழப்பம் இருந்தது. குஞ்சுக் கொக்கு பால்புட்டியை எறிந்து ஒரு நகரத்தைக் காப்பாற்றியது.

இடைவேளையில் இந்துமதி முறுக்கு வாங்கி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், தின்னவில்லை. பெரியகருப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, “சிவப்பு நல்லா வந்திருக்கு மொதலாளி” என்றார். “நம்ம கலர்தான் அச்சு அசலா.” அது உண்மைதான். இரண்டாம் பாதிக்கு ஒன்பது பேர் மிச்சம் இருந்தார்கள். அதில் மூன்று பேர் இவர்கள்.

செவ்வாய்க்கிழமை கீர்த்தனாவிடமிருந்து போன் வந்தது. “சார், ரெண்டாவது லாட்டு கேன்சலுங்க. நல்லவேள, நம்ம இன்னும் ஆரம்பிக்கல.”

மகுடேஸ்வரன் சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்.

“சார்? ஆரம்பிக்கலதானுங்களே?”

“முடிச்சாச்சு கண்ணு.”

“யாருங்க சார் அடிக்கச் சொன்னாங்க?”

“நம்ம சீட்டுக்கு அவங்க மறுப்புச் சொல்லலியே.”

அவளுக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் குரல் அடங்கிப்போனது. “சார், நான் அனுப்புனது வாஸ்தவமுங்க. லண்டன்ல சீட்டப் பாக்கற அந்தம்மா சிவப்ப மட்டும் பாத்துட்டு மூடிட்டாங்களாட்ட இருக்குதுங்க. பாத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்க சார். நம்ம பையர் துணி வாங்கறவங்கதானுங்க. படத்துக்காரங்க யாருன்னே அவங்களுக்குத் தெரியாதுங்க. அவங்களும் வெள்ளிக்கெழம டிக்கெட் எடுத்துத்தான் பாத்தாங்களாம்.”

மகுடேஸ்வரன் போனைக் காதிலேயே வைத்திருந்தார். இத்தனை மாதமும் அவர் மனதில் லண்டனில் ஒரு நீண்ட மேஜை இருந்தது. அதைச் சுற்றிப் பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து, ஏழாவது வரியை ஒருவருக்கொருவர் காட்டி, இந்த ஆள் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“காதர்பேட்டைல வித்துக்கட்டுமா?” என்று கேட்டார். ஏற்றுமதியில் தள்ளிய சரக்கெல்லாம் போய்ச் சேருகிற சந்தை அது.

“முடியாதுங்க சார். லைசென்ஸ் வாங்கி அடிச்ச படமுங்க. ஒரு பீஸ் வெளிய போனாலும் நம்ம மேல கேஸு வந்துருமுங்க. வெட்டிப்போட்டு வீடியோ அனுப்பச் சொல்றாங்க. மெயில்ல எல்லாம் போட்டிருக்குதுங்க.”

மெயிலில் எல்லாம் போட்டிருந்தது. படத்தில் இருக்கிற எந்த முகமும் அடையாளம் தெரியக் கூடாது என்று போட்டிருந்தது. ஒரு கொக்கு என்றால் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வெட்டுப் போதும். ஆறு என்பதால் ஒரு பனியனுக்கு நான்கு வெட்டு. பெரியகருப்பன்தான் மேலிருந்து கீழே, குறுக்கே என்று கோடு போட்டுப் பார்த்து, நாலுக்குக் கீழே முடியாது என்று கண்டுபிடித்தார். குஞ்சு ஓரத்தில் இருந்ததால் அந்த நாலில் ஒன்று அதற்கே தனியாகப் போனது.

பதினோரு நாள் வெட்டினார்கள். கட்டிங் மிஷினில் மகுடேஸ்வரன் தானே நின்றார். இந்துமதி செல்போனைப் பிடித்து வீடியோ எடுத்தாள். பழனியம்மாள் ஒரு பனியனைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏனுங்க, நல்ல துணீங்க, என்ற பேத்திக்கு ஒண்ணே ஒண்ணு” என்றாள். இந்துமதி தலையை ஆட்டிவிட்டு, அவள் கையிலிருந்து அதை வாங்கி மிஷின் பக்கம் வைத்தாள். ஆறாம் நாள் பெரியகருப்பன் அனுப்பர்பாளையம் பக்கத்தில் ஒரு யூனிட்டில் வேலை பேசிக்கொண்டு வந்து சொன்னார். “அங்கன பூப்போட்ட நைட்டிதான் மொதலாளி. கதை கிதை ஒண்ணும் கெடையாது.” மகுடேஸ்வரன் சிரித்தார். நல்லது மாஸ்டர் என்றார். மறுநாள் வேறு ஏழு பேர் வரவில்லை.

அத்தனை துண்டையும் எடுத்துக்கொண்டு போக வந்தவர் மாரப்பன். பஞ்சு வேஸ்ட் அவர் வியாபாரம்தானே. டெம்போவை வாசலில் நிறுத்திவிட்டு, ஏற்றுகிற நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அளவு டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“மாப்ள, கோவிச்சுக்காதீங்க. குடோனுக்குத் தடுப்புச் செவுரு வெக்கறதுக்கு ஆளு வந்துருவான். அந்தக் கோடியக் கொஞ்சம் புடிங்க.”

மகுடேஸ்வரன் மிஷினை நிறுத்திவிட்டு வந்து டேப்பின் முனையை வாங்கிக்கொண்டார். பிரிண்டிங் டேபிள் கிடந்த இடத்தைத் தாண்டி, மேற்குச் சுவரோரம் போய் நின்றார்.

“அப்பிடி என்னதான் படம் மாப்ள அது?” என்று மாரப்பன் அந்தக் கோடியிலிருந்து கேட்டார். “இத்தன பேரு வெட்டறீங்க.”

“நல்ல படமுங்க மாமா. மொதல் பாகம் பாத்திருக்கோணும் நீங்க. ஒரு பாலம் இருக்கும். அதுல ஒரு பஸ்ஸு தொங்கிட்டிருக்கும். இவன் நாப்பது பேர எறக்கிட்டான். ஒரு பொண்ண மட்டும்...”

மாரப்பன் கண்ணைச் சுருக்கி டேப்பில் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். படித்ததை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

“நடுவுல தொய்யுது பாருங்க” என்றார். “இழுத்துப் புடிங்க மாப்ள.”

மகுடேஸ்வரன் இழுத்துப் பிடித்தார்.